நாலாம் நம்பர் கோப்பை

ஓரின் ட்வெய்ட் அன்று காலைச் சாப்பாட்டை நின்றபடியே முடித்தான், அதுவும் மனைவியிடமிருந்து ஆறடி தள்ளி. வருஷத்தில் ஒரு நாள் இந்தக் கூத்து நடக்கும். ஜின் என்கிற மதுவை ருசி பார்த்து மதிப்பெண் போடுகிற போட்டி நாளில் கட்டிப்பிடிப்பது கிடையாது, முத்தம் கிடையாது, வீட்டுத் துண்டில் முகம் துடைப்பதுகூடக் கிடையாது. பல் தேய்ப்பது வெறும் சமையல் சோடாவில். சட்டை இரண்டு நாளுக்கு முன்பே அவன் வேலை பார்க்கிற கேஸ் டிப்போ அலமாரியில் போய்த் தொங்கிவிடும். போகிற வழியில் அங்கே இறங்கி அதை மாற்றிக்கொண்டுதான் போட்டி அரங்குக்குள் நுழைவான்.

எல்லாம் அவன் மனைவி ஆர்டிஸால் வந்தது. அவள் லாவெண்டர் என்கிற வாசனைப் பூச்செடி வளர்க்கிறாள். வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர். ஜூலை மாதம் வந்தால் ஜன்னலைத் திறந்தவுடன் கண்ணுக்கு ஊதாவைத் தவிர வேறொன்றும் தெரியாது. சனிக்கிழமைச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறாள். அவள் முடி, உடுப்பு, நாய், தபால் பெட்டி எல்லாமே அந்த வாசம்தான் என்று வந்துபோகிறவர்கள் சொல்வார்கள். ஓரினுக்கு மட்டும் அது தெரியாது. முப்பத்தோரு வருஷமாக அதற்குள்ளேயே படுத்து எழுகிறவனுக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருஷத்துக்கு முன்னால், போட்டியில் அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நடுவர் ஒருவர் மூக்கைச் சுளித்து, இங்கே யார் சென்ட் பூசிக்கொண்டு வந்தது என்று கேட்டார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கடைசியில் ஓரினைப் பார்த்தார்கள். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. இந்த ஆறடி கணக்கு அன்றைக்கு ஆரம்பித்தது.

"இந்த வருஷம் நீ பெரிய நீதிபதி. பத்தடி தள்ளி நிக்கட்டுமா?" என்றாள் ஆர்டிஸ், கையில் காபியோடு. காபியும் அவனுக்கு அன்றைக்கு விலக்கு.

"ஆறே போதும். காத்து உன் பக்கமாத்தான் அடிக்குது."

"போயிட்டு வா. சாயந்தரம் வந்து சேத்து வச்சுக் கட்டிப்பிடி."

அவள் வேலியோரம் நின்று கையாட்டினாள். வண்டியின் பக்கத்து இருக்கையில் துணிப்பை ஒன்று வாய் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை அவள்தான் விடியற்காலையில் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஓரின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் மனசு முழுக்க நடுவர் நாற்காலியில் இருந்தது.

அந்த நாற்காலிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓரின் கேஸ் லாரி ஓட்டுகிறவன். வாஷிங்டன் மாநிலத்தின் இந்தக் கடலோரத்தில் வீடு வீடாக, பண்ணை பண்ணையாகப் போய் கேஸ் தொட்டியை நிரப்புவது அவன் பிழைப்பு. எங்காவது குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் கருவி கத்துவதற்கு முன்னால் அவன் மூக்கு சொல்லிவிடும். இந்த மூக்கை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாக ஜின் போட்டியில் அவன் செய்துவந்தது கோப்பை கழுவுகிற வேலை. கழுவுவது என்றால் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா முழுவதிலிருந்தும் நூற்றுப்பத்துச் சரக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பை. ஒரு கோப்பையில் சோப்பு மிச்சமிருந்தால் எவனோ மூன்று வருஷம் பாடுபட்டு வடித்த ஜின் சோப்பு மணக்கிறது என்று எழுதிவிடுவார்கள். அதனால் ஓரின் வெந்நீர் தவிர எதையும் உபயோகிக்க மாட்டான். துடைக்கிற துணி நாற்பதையும் சோப்பில்லாமல் கொதிக்கவைத்து, டிப்போவின் கொதிகலன் அறையில் காயப்போடுவான். அவன் கோப்பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னது கிடையாது. பாராட்டியதும் கிடையாது. கோப்பையைப் பற்றி யாருக்குமே நினைப்பு வராமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி.

வெளியே சொல்லவில்லையே தவிர, அவனுக்கு ஆசை வேறாக இருந்தது. நடுவர்கள் குடித்துத் துப்பிவிட்டுப் போன கோப்பைகளில் மிச்சமிருக்கும் வாசனையை அவன் பின்கட்டில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பான். தானாக மனசில் ஒரு பதக்கம் கொடுப்பான். சாயந்தரம் முடிவு ஒட்டும்போது போய்ப் பார்ப்பான். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அந்த மற்ற இரண்டில் நடுவர்கள் தப்பு என்பது அவன் அபிப்பிராயம்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு, பாதித் துணியைக் காயவைத்துவிட்டு மீதி இருபதை வாளியில் பிழிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தலைமை நடுவர் ஹெஸ்டர் ப்ளெட்சோ அம்மாள். தன் மேஜையின் மூன்றாவது நடுவர் வால்டருக்கு ஜலதோஷமாம், மூக்கு சுத்தமாக அடைத்துவிட்டதாம், வேறு ஆளைப் பிடிக்க நேரமில்லையாம். உன் மூக்கைப் பற்றி உன் கைத்துணை லுவெல்லா சொல்லியிருக்கிறாள், கோப்பை வேலையை அவளிடம் கொடுத்துவிட்டு நீ வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். சரி என்றானா இல்லையா என்று அவனுக்கே ஞாபகமில்லை. வாளியோடு லாரியில் ஏறி வீட்டுக்குப் பறந்தான். ஆர்டிஸிடம் விஷயத்தைச் சொல்லி, வாளியை அவள் கையில் கொடுத்து, இதைக் கொஞ்சம் பிழிஞ்சு காயப்போட்டுடு, ஒன்பது மணி வரைக்கும் வெயில் இருக்கு, நான் விதிப் புத்தகம் படிக்கணும் என்றான். சட்டையை டிப்போவில் வைக்கிற ஜாக்கிரதைக்காரன், துணியை யார் கையில் கொடுக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

போட்டி நடப்பது கண்காட்சித் திடலில், ஆகஸ்டில் ஒட்டுப்போர்வைகளைத் தொங்கவிடுகிற கூடத்தில். மேற்குப் பக்கத்து ஜன்னல்களை முதல் நாளே அடைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. உள்ளே நாலு மேஜை, மேஜைக்கு மூன்று நடுவர்கள். ஆளுக்கொரு துப்பும் குவளை, தண்ணீர் டம்ளர், உப்பில்லாத பிஸ்கட், நாக்கைச் சுத்தப்படுத்த மெல்லிசாக அறுத்த வெறும் மாட்டிறைச்சி. மணி ஒன்பது. ஜின்னுக்கு அதுதான் நல்ல நேரம். அதற்கு மேல் போகப் போக மூக்கு சோர்ந்துவிடும்.

ஓரின் கூடத்தில் நுழைந்ததும் துணிப்பையை லுவெல்லாவிடம் கொடுத்தான். லுவெல்லா வருஷம் பூராவும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஆறு வருஷமாக அவனுக்குக் கைத்துணை. டிப்போவில் காய்ந்தது முதல் சுற்றுக்கு, இது அடுத்த சுற்றுக்கு என்றான். அவள், போய் உட்காருங்க துரை, கோப்பையை நான் பாத்துக்கறேன் என்று அவனைத் தள்ளிவிட்டாள்.

ஹெஸ்டர் ப்ளெட்சோ போர்ட்லண்டிலிருந்து வருகிறவர். எழுபது வயது, வெள்ளி நிறத்தில் குட்டை முடி, சிரிப்பு லேசில் வராது. அவர் எழுதுகிற ஒரு வரியில் வடிசாலைக்காரர்கள் எழுந்ததும் உண்டு, விழுந்ததும் உண்டு. மேஜையில் இன்னொரு நடுவர் கிப், சியாட்டிலில் பார் நடத்துகிற முப்பது வயதுப் பையன். முழங்கை வரை பச்சை குத்தியிருந்தான்.

உட்கார்ந்ததும் ஹெஸ்டர் ஒரு தாளை நீட்டினார். போட்டிக்கு வந்த எந்தச் சரக்கோடும் எனக்கோ என் குடும்பத்துக்கோ சம்பந்தமில்லை, இருந்தால் மதிப்பெண் போடாமல் ஒதுங்கிக்கொள்வேன் என்று அதில் அச்சடித்திருந்தது. ஓரின் இரண்டு தரம் படித்தான். இங்கே பக்கத்தில் இரண்டு வடிசாலைகளுக்கு நான்தான் கேஸ் நிரப்புகிறேன், பரவாயில்லையா என்று கேட்டான். அவர்கள் இந்த வருஷம் அனுப்பவில்லை, கையெழுத்துப் போடு என்றார் ஹெஸ்டர்.

முதல் சுற்று ஆறு கோப்பை, பழைய பாணி ஜின்கள். அடிப்பக்கத்தில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். முதலில் அப்படியே முகர வேண்டும். பிறகு சம அளவு தண்ணீர் விட்டு, வாயில் சுழற்றி, துப்ப வேண்டும். எல்லாரும் பேனாவைக் கீழே வைக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஓரின் முதல் நாலு கோப்பையையும் தயங்கித் தயங்கி இரண்டு தரம் முகர்ந்தான். ஆனால் ஐந்தாம் கோப்பையில் ஒரு கெட்ட வாடை தட்டியதும் தயக்கம் போய்விட்டது. கேஸில் கலக்கிற கந்தக வாடை மாதிரி, இது அவன் பேட்டை. பேனாக்கள் இறங்கியதும், செப்புப் பாத்திரத்தைச் சரியாகத் தேய்க்காமல் வடித்திருக்கிறார்கள், கந்தகம் தங்கிவிட்டது என்றான். ஹெஸ்டர் அதைத் திரும்ப எடுத்து முகர்ந்தார். நான் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்லித் தான் போட்டிருந்த வெள்ளிப் பதக்கத்தை அடித்து வெண்கலமாக்கினார். கிப் ஓரினைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

இடைவேளையில் ஹெஸ்டர் அவனைத் தனியாக நிறுத்தி, "வால்டர் அரிசோனாவுக்குக் குடி போறாராம். அடுத்த வருஷத்துலேருந்து அந்த நாற்காலி காலி. இன்னிக்கு முழுக்க இப்படியே போச்சுன்னா, நான் வேற யாரையும் தேட மாட்டேன்" என்றார்.

ஓரின் தலையாட்டினான். கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சிரித்துக்கொண்டான். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

இரண்டாம் சுற்று புதுப் பாணி ஜின்கள். இதில்தான் அமெரிக்காக்காரர்கள் கைவரிசையைக் காட்டுவார்கள். வெள்ளரிக்காய், பைன் கொழுந்து, பாலைவனத்துப் புதர், கடல்பாசி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பானையில் போட்டு வடிப்பார்கள். லுவெல்லா ஆறு கோப்பையையும், துடைத்த புதுத் தண்ணீர் டம்ளர்களையும் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் கோப்பையில் லாவெண்டர். சரி, இந்தக் காலத்தில் யார்தான் போடவில்லை. இரண்டாம் கோப்பையிலும் லாவெண்டர். அடியில் ஜின்னுக்கு உயிரான ஜூனிப்பர் காய், அருமையாக, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மிளகு. ஆனால் மேலே வந்து உட்கார்ந்த லாவெண்டர் எல்லாவற்றோடும் சண்டை போட்டது. மூன்றிலும் அதே. எதிரே ஹெஸ்டரின் உதடு இறுகுவதை ஓரின் பார்த்தான்.

நாலாம் கோப்பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனபோது ஒரு விசித்திரம் நடந்தது. அவனுக்குக் கொட்டாவி வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வாயைப் பிளந்து பெரிதாக ஒன்று விட்டான். ஹெஸ்டர் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். ஓரினுக்குக் காது சிவந்தது. இரவு நன்றாகத் தூங்கியவன்தான். அலுப்பும் இல்லை. ஆனால் அந்தக் கோப்பையை முகர்ந்தால் தோள் தளர்ந்தது, கண் சொக்கியது, வேலை முடிந்து வந்து விழுகிற மாதிரி இருந்தது. திரும்ப முகர்ந்தான். லாவெண்டர், வெயிலில் காய்ந்த துணி, அதற்கடியில் கிள்ளிய தக்காளி இலை. இது எங்கேயோ தெரிந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு ஐந்தையும் ஆறையும் பார்த்தான். அவற்றிலும் லாவெண்டர்.

பேனாக்கள் கீழே இறங்கின.

இந்த வருஷம் நாட்டுக்கே லாவெண்டர் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஹெஸ்டர் ஆரம்பித்தார். ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் சுமார். இரண்டாம் எண்ணுக்குப் பதக்கம் ஒன்றுமில்லை. நல்ல ஜின் வடிக்கத் தெரிந்த ஒரு ஆள் கடைசியில் பயந்துபோய்ப் பூவை அள்ளிப் போட்டுக் கெடுத்துக்கொண்டான் என்றார். கிப்பும் ஆமாம் என்றான்.

பிறகு ஹெஸ்டர் மேஜைத் தாளை எடுத்தார். மூன்று பேர் முடிவும் பொதுக் குறிப்பும் அந்தத் தாளில்தான் ஏறும். நாலாம் எண்ணுக்குத் தான் எழுதியதை அவர் வாசித்தார். அவர் குரலில் எப்போதும் இல்லாத ஒரு மென்மை இருந்தது.

"வெயில்ல காஞ்ச துணி. லாவெண்டர். அதுக்கடியில பச்சைத் தக்காளி இலை. எதுவும் துருத்திக்கிட்டு நிக்கல. யாரோ ரொம்ப அக்கறையா வச்சிருக்கற ஒரு வீட்டுக்குள்ள நுழையற மாதிரி இருக்கு. தங்கம்."

"எனக்கும் தங்கம்" என்றான் கிப். "அந்தத் தக்காளி இலையை எவன் யோசிச்சானோ, அவன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்."

மூன்று பேரும் தங்கம் கொடுத்தால் அது இரட்டைத் தங்கம். அந்த மேஜையிலிருந்து இரட்டைத் தங்கம் போய் நாலு வருஷமாகிறது. இரண்டு பேரும் ஓரினைப் பார்த்தார்கள்.

ஒரு நிமிஷம் என்றான் ஓரின். நாக்கைச் சுத்தப்படுத்த டம்ளரை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் அது மூக்கைக் கடந்தது.

தண்ணீரில் லாவெண்டர். தண்ணீரில் தக்காளி இலை.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் வீட்டுத் துணிக்கொடி கொட்டகையிலிருந்து வேலி வரை போகிறது. ஒரு பக்கம் லாவெண்டர் வரிசை, மறு பக்கம் தக்காளிப் பாத்தி. ஆர்டிஸ் எல்லாத் துணியையும் அங்கேதான் போடுவாள். சட்டை, போர்வை, தலையணை உறை. முப்பத்தோரு வருஷமாக அவன் தலை வைத்துப் படுப்பது இதன் மேல்தான். வீட்டில் ஒருநாளும் தெரியாத வாசம், வாசமே இல்லாத இந்தக் கூடத்தில் ஒரு கோப்பைக்குள் அடைபட்டதும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அதுதான் கொட்டாவி. மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, இது நம் தலையணை என்று.

நேற்று வாளி அவள் கைக்குப் போனது ஞாபகம் வந்தது. டம்ளரைக் கீழே வைத்தான்.

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்ததை ஒளிப்பதற்கில்லை. ஒரு வார்த்தை, தங்கம் என்று சொன்னால் போதும். ஹெஸ்டருக்குச் சந்தோஷம், கிப்புக்குச் சந்தோஷம், நாலாம் எண்காரனுக்கு வீடு தேடி அதிர்ஷ்டம். நாற்காலி தனக்கு. லுவெல்லா இந்த ஊர்க்காரி, ஜூலையில் ஊரே லாவெண்டர், அவள் மூக்குக்கும் இது தெரிந்திருக்காது. யாரும் கேட்கப் போவதில்லை. வாயைத் திறந்தால்? நடுவராக உட்கார்ந்த முதல் நாளே பதினோரு வருஷப் பேரும் சேர்ந்து போகும். அதுகூடப் பரவாயில்லை, எழுபது வயது அம்மாள் இத்தனை அழகாக வாசித்ததைத் துண்டு வாசனை என்று சொல்ல வேண்டும்.

ஆனால் கண் போய் இரண்டாம் கோப்பையில் நின்றது. ஒன்றுமில்லை என்று ஒதுக்கப்பட்டது அது. அந்த ஜூனிப்பரை வடித்தவன் பயந்து பூ போட்டானாம். அவன் எங்கே போட்டான்? போட்டது நான்தானே என்று ஓரினுக்கு உறைத்தது. வடிசாலைகளுக்குக் கேஸ் கொண்டுபோகும்போது ஓரின் பார்த்திருக்கிறான். அடுப்பைக் கூட்டியும் குறைத்தும், முதல் சொட்டு எப்போது கெட்டது போய் நல்லது வரும் என்று விரலில் தொட்டு முகர்ந்து, நாள் பூராவும் நின்றுகொண்டே இருப்பார்கள். அப்படி நின்ற ஒருவனை, தான் பார்த்தறியாத ஒருவனை, கோழை என்று எழுதிப் பெட்டியில் போடப் போகிறார்கள்.

"ஹெஸ்டர், நீங்க தண்ணிய ஒரு தடவை மோந்து பாருங்க" என்றான்.

"எதுக்கு?"

"பாருங்களேன்."

ஹெஸ்டர் டம்ளரை எடுத்தார். முகர்ந்தார். கீழே வைத்தார். மறுபடியும் எடுத்து முகர்ந்தார். கிப் தன் டம்ளரை முகர்ந்துவிட்டு ஏதோ முனகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். ஹெஸ்டர் மெதுவாகப் பின்கட்டுப் பக்கம் திரும்பி, கோப்பை துடைத்தது யார் என்று கேட்டார். லுவெல்லா கையில் துணியோடு வெளிறிப்போய் நின்றாள்.

"அவள் மேல தப்பில்ல" என்று ஓரின் எழுந்தான். "துணி நான் கொண்டுவந்தது. நீங்க கூப்பிட்ட சந்தோஷத்துல மீதித் துணியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். எங்க வீட்டுக் கொடியில காஞ்சது. ஒரு பக்கம் லாவெண்டர், ஒரு பக்கம் தக்காளி. ஆறு கோப்பையும் எங்க வீட்டு வாசம்தான் அடிக்குது. நாலாம் நம்பர் வெறும் சப்பை ஜின்னா இருக்கணும். சொந்த வாசனை இல்லாததாலதான் இது அதுல நல்லா ஒட்டிக்கிச்சு."

ஹெஸ்டர் மேஜைத் தாளைப் பார்த்தார். தான் எழுதியதைத் தானே ஒருமுறை மனசுக்குள் படித்தார் என்பது உதட்டசைவில் தெரிந்தது. அவர் கழுத்து சிவந்தது. நாற்பது வருஷ மூக்கு. ஓரினுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"கிப்" என்றார் கடைசியில், "நாம ரெண்டு பேரும் அரை மணி நேரமா ஒரு துண்டுக்குத் தங்கம் குடுத்துட்டு உக்காந்திருக்கோம்."

கிப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து, துப்பும் குவளையைத் தட்டிவிட்டான். அதைத் துடைக்க லுவெல்லா துணியோடு ஓடிவர, அந்தத் துணி வேண்டாம் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டித் தடுத்தார்கள். அதற்கு மேல் ஹெஸ்டராலும் முடியவில்லை. அவர் சிரித்து அந்தக் கூடம் பார்த்ததில்லை. மற்ற மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்லவேளை, மற்ற மேஜைகளுக்கு அந்தத் துணி இன்னும் போயிருக்கவில்லை. சுற்று ரத்து என்று ஹெஸ்டர் எழுதினார். வெந்நீரில் புதுக் கோப்பைகளை அலசி, துடைக்காமல், காற்றில் கவிழ்த்துக் காயவைத்தார்கள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுவதும் ஓரின் தன் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுபடி ஊற்றினார்கள். நாலாம் எண் அவன் சொன்ன மாதிரியே சப்பையாகத்தான் இருந்தது; ஆளில்லாத வீடு, பாவம் என்று வெண்கலம் கொடுத்தார்கள். முதல் எண்ணில் நிஜமாகவே லாவெண்டர் இருந்தது, அதற்காகவும் கொஞ்சம் சிரித்தார்கள். இரண்டாம் எண் இப்போது தனியாக, தெளிவாக நின்றது. ஜூனிப்பர், எலுமிச்சைத் தோல், கடைசியில் மெல்ல எரிகிற மிளகு. ஹெஸ்டர் தங்கம் என்றார். ஓரினும் தங்கம். கிப் மட்டும் மிளகு அதிகம் என்று வெள்ளியிலேயே நின்றான். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. அதனால் இரட்டைத் தங்கம் இந்த வருஷமும் இல்லை. ஓரினுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் கிப்பின் நாக்கு கிப்புடையது.

மூன்று மணிக்குக் கடைசிச் சுற்றும் முடிந்தது. ஹெஸ்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓரின் அவர் பின்னாலேயே கதவு வரை போனான்.

"அடுத்த வருஷம் கோப்பை வேலைக்கு நான் வரலாமா, இல்ல அதுவும் வேண்டாமா?" என்று கேட்டான்.

"கோப்பை பக்கமே நீ வரக் கூடாது" என்றார் ஹெஸ்டர்.

ஓரின் தலையைக் குனிந்துகொண்டான். எதிர்பார்த்ததுதான்.

"நடுவருங்க கோப்பை துடைக்கறதில்ல. வால்டர் நாற்காலி உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ரத்தான சுற்றின் மேஜைத் தாள். "விதிப்படி இதக் கிழிச்சுப் போடணும். எனக்கு மனசு வரல. உன் வீட்டுக்காரம்மாகிட்ட குடு."

அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆர்டிஸ் அரிவாளோடு வரிசைக்குள் குனிந்திருந்தாள். அவன் நேராக நடந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். ஆறடியை மறந்துட்டியா என்று அவள் கேட்டதற்கு, முடிஞ்சுபோச்சு என்று சொல்லி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். பாதியிலேயே அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டாள். உன் நாளைக் கெடுத்துட்டேனா என்று கேட்டாள். கெடுத்தது நீ இல்லை, நான்தான், அதுவும் கெட்டுப்போகவில்லை என்று சொல்லித் தாளைக் கொடுத்தான்.

அவள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். வெயிலில் காய்ந்த துணி. யாரோ ரொம்ப அக்கறையாக வைத்திருக்கிற வீடு. அந்த இடத்தை அவள் திரும்பவும் ஒருமுறை படித்தாள்.

"ரெண்டு பேர் தங்கம் போட்டிருக்காங்க" என்றாள் பிறகு. "உன் கட்டம் மட்டும் ஏன் காலியா இருக்கு? உனக்குப் பிடிக்கலையா?"

"காலையில கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன் ஆர்டிஸ். குடும்பச் சம்பந்தம் இருந்தா மார்க் போடக் கூடாது."

அவள் தாளை நாலாக மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவன் காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்து அவளைக் கட்டிப்பிடித்து, கழுத்தில் முகம் புதைத்து, நடுவர் மூச்சாக ஆழமாக ஒன்று இழுத்தான். எப்போதும் போல ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டான். அந்த வாசம் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.